காரின் குளிர்சாதனம் தளர்வது ஏன்?

பழைய கார் வைத்திருப்போர் பலரும் ஒரு தீர்ப்பை அடிக்கடி கேட்டிருப்பர். "கேஸ் குறைந்துவிட்டது, ஏற்ற வேண்டும்" என்பதே பட்டறையில் வழங்கப்படும் அத்தீர்ப்பு. கேஸ் ஏற்றப்படுகிறது, குளிர்ந்த காற்று வீசுகிறது, உரியவர் பணத்தைச் செலுத்திவிட்டு மகிழ்ச்சியுடன் வீடு திரும்புகிறார். இரண்டு மூன்று திங்கள் சென்றபின் மறுபடியும் வெம்மை, மறுபடியும் பட்டறை, மறுபடியும் அதே தீர்ப்பு. ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியர் ஒருவர்க்கு இஃது எளிய செலவன்று. இறுதியில் கம்ப்ரெசரும் இறுகி நின்றுவிட்டால், காரை வைத்துக்கொள்வதா விற்றுவிடுவதா என்னும் வினாவே எழுந்துவிடுகிறது.

1985ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் சாகா, 1993இல் வந்த வீரா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் ஆகியவற்றை மலேசியச் சாலைகளில் இன்றும் காணலாம். இத்தகைய கார்களில் குளிர் ஏன் குறைகிறது என்பதை உரியவரே பெரும்பாலும் உய்த்துணர முடியும். அதற்குக் கருவிகள் பல வேண்டா. எப்பொழுது குறைகிறது, எவ்வாறு குறைகிறது என்று ஊன்றி நோக்கினால் போதும். நோக்கும் முறையை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

கேஸ் என்னும் சொல்

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். சமையலறையில் உள்ள தோம்பிலும் கேஸ்; காரின் குளிர்சாதனத்திலும் கேஸ். ஒரே சொல் இரண்டிற்கும் வழங்குவதால் ஒரு பிழையான எண்ணம் நம் உள்ளத்தில் புகுந்துவிடுகிறது. அடுப்பில் கேஸ் எரிந்து தீர்ந்துபோகிறது; ஆகவே காரிலும் அவ்வாறே தீர்ந்துபோகும் என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. காரில் உள்ள கேஸ் எரிவதில்லை; செலவாவதும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருப்பின் எங்கோ ஒரு வழியாக வெளியேறியிருக்கிறது என்பதே பொருள். இரப்பர்க் குழாய்களின் வழியே பல்லாண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்புதான். மூன்று திங்களில் குளிர் மறையும் அளவுக்குக் குறைவது இயல்பன்று, அஃது ஓட்டை. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவோரை நாம் நகைக்கிறோம். காரில் அதையே செய்து கூலியும் கொடுக்கிறோம்.

இன்னொரு சொல்லும் நம்மை மயக்குகிறது. குளிர்சாதனம் குளிரை உண்டாக்குகிறது என்கிறோம். குளிர் என்று ஒரு பொருள் இல்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே அக்கருவியின் தொழில். இதனை மனத்திற் கொண்டால் ஆராய்ச்சி எளிதாகிவிடும். வெப்பம் செல்லும் வழியில் எவ்விடத்தில் தடை நேர்ந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வெப்பம் செல்லும் வழி

ஊசி போடுமுன் தாதி நம் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதன்றோ? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்வியல்பினாலேயே. காரிலும் நிகழ்வது அதுதான். 1990களின் நடுப்பகுதி முதல் பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ என்னும் பொருள் பயன்பட்டு வந்தது. திறந்த வெளியில் அது சுழியத்திற்குக் கீழ் 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். காரின் முகப்புப் பலகைக்குப் பின்னே உள்ள கூலிங் காயிலில் அது குறைந்த அழுத்தத்தில் கொதிக்கிறது. அங்கே ஊதப்படும் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அவ்வாவியைக் கம்ப்ரெசர் இழுத்து அமுக்குகிறது. அமுக்குண்ட ஆவி பெரிதும் சூடாகிறது. ரேடியேட்டருக்கு முன்னே நிற்கும் கண்டென்சரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் நீர்மம் ஆகிறது. பின்னர் விரிவு வால்வின் நுண்துளை வழியே பாய்ந்து அழுத்தம் குறைந்து, பழையபடி காயிலை அடைகிறது. இவ்வளவே.

நம் நாட்டிற்கே உரிய ஒரு செய்தி ஈண்டு அறியத்தக்கது. 32 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு பிற்பகலில், ஒரு கிலோகிராம் காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி கலந்திருக்கும். அக்காற்றை 10 பாகைக்குக் குளிர்வித்தால் ஏறத்தாழ 8 கிராம் மட்டுமே அதில் நிற்கும். எஞ்சிய 13 கிராமும் நீராகச் சொட்டிவிடும். அந்நீராவியை நீராக்க எடுக்க வேண்டிய வெப்பம், காற்றின் சூட்டைத் தணிக்க எடுக்கும் வெப்பத்தைவிட மிகுதி. அஃதாவது, குளிர்சாதனத்தின் உழைப்பில் பாதிக்கு மேல் காற்றை உலர்த்துவதிலேயே செலவாகிறது. 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்னும் பொறியியலாளர் நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் ஓர் அச்சகத்திற்காக இவ்வகைப் பொறியை அமைத்தபோது, அவர் அடக்க முயன்றதும் காற்றின் ஈரத்தைத்தான். தாள் ஈரத்தால் விரிந்து சுருங்கியதே அச்சகத்தாரின் தொல்லை.

இதனால் ஒரு பயன் உண்டு. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நிலையில் விசை வைக்கப்பட்டிருந்தால், வெளியுலகின் ஈரம் முழுவதையும் உலர்த்தும் சுமை அச்சிறு பொறியின்மேல் விழுகிறது. உள்காற்றே சுழலும் நிலையில் வைத்தால் முதல் சில நிமிடங்களுக்குப் பின் சுமை குறைந்துவிடும். விசையைத் தள்ளினாலும் உள்ளே உள்ள தட்டி அசையாமல் திறந்தே கிடப்பது பழைய கார்களில் காணப்படும் குறை. குளிர் குறைவு என்று பட்டறைக்குப் போகுமுன் இதனைப் பார்த்தல் வேண்டும். விசையை மாற்றும்போது விசிறியின் ஓசை மாறினால் தட்டி அசைகிறது எனலாம்.

காற்று குறைவா, குளிர் குறைவா?

நோயை வகுக்கும் முதற் கேள்வி இதுவே. பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழப்பிவிடுகின்றனர். காற்று மெல்ல வருகிறது, ஆனால் வரும் காற்று சில்லென்று இருக்கிறது என்றால், கேஸின்மேல் பழி போடுதல் தகாது. பழைய கார்கள் பலவற்றில் காற்று வடிகட்டி இல்லை. பல்லாண்டுத் தூசியும் பஞ்சும் ஈரமான காயிலில் படிந்து கம்பளம்போல் மூடிவிடும். அதனைக் கழற்றித் தூய்மை செய்தலே மருந்து. புளித்த காடி போன்ற நாற்றம் வருவதும் அவ்வீரத் தூசியில் பூஞ்சை வளர்வதால்தான்.

காற்று நன்றாக வருகிறது, ஆனால் குளிர் இல்லை என்றால் வெப்பமானி ஒன்று வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ளது போன்ற சாராய வெப்பமானியே போதும். காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை மூடி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, எஞ்சின் சற்று விரைந்து ஓடுமாறு ஒருவர் மிதியை மெல்ல அழுத்தியிருக்க, நடுத்துளையில் வெப்பமானியைச் செருகுக. பத்து நிமிடம் சென்றபின் அது 10 பாகையை ஒட்டியோ அதற்குக் கீழோ நின்றால் கருவி நலமாகவே உள்ளது. கதவு இரப்பர்களையும் கண்ணாடியில் ஒட்டிய மங்கிப்போன வெயில் தாளையும் நோக்குவதே முறை. 15 பாகைக்கு மேல் நின்றுவிட்டால் குறை உண்டு. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுதல் நன்று. பட்டறைக்குச் சென்று திரும்பியபின் மறுபடியும் அளந்து பார்த்தால், கொடுத்த பணம் என்ன செய்தது என்பது விளங்கும்.

எப்பொழுது தளர்கிறது?

காலமும் இடமும் நோயைக் காட்டிக்கொடுக்கும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நெரிசலில் நிற்கும்போது வெம்மை. வண்டி விரைந்து ஓடத் தொடங்கியதும் குளிர்ச்சி. இங்கே வெப்பம் காயிலில் ஏறுகிறது. கண்டென்சரில் இறங்கமாட்டாமல் தவிக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று அதற்கு உதவுகிறது. நிற்கும்போது மின்விசிறிதான் உதவ வேண்டும். அவ்விசிறி சுழல்கிறதா என்று முன்மூடியைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். விரல்களை எட்ட வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அது சொல்லாமல் சுழலத் தொடங்கும். சுழன்றும் குளிர் இல்லையெனின், கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பூச்சிகளும் சேறும் அடைத்திருக்கலாம். இதனை உறுதி செய்ய ஓர் எளிய வழி உண்டு. எஞ்சினும் குளிர்சாதனமும் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்டென்சரின்மேல் நீரை மெல்லத் தெளிக்க வேண்டும். உள்ளே வெப்பமானி சட்டென இறங்கினால், குறை வெப்பத்தை வெளியேற்றும் இடத்தில்தான். விசிறியின் மோட்டாரோ ரிலேயோ மாற்ற வேண்டிய இக்காருக்குக் கேஸ் ஏற்றுவோரும் இருக்கிறார்கள். கேஸ் மிகுந்தால் அழுத்தம் மேலும் ஏறி, இருந்த குளிரும் குறையும். நெரிசலில் எஞ்சின் மெல்லச் சுழல்வதால் சிறிது தளர்ச்சி எக்காருக்கும் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

இதற்கு நேர்மாறான நோய் ஒன்று உண்டு. வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ நோக்கிச் செல்கிறோம். முதல் அரை மணி நேரம் நல்ல குளிர். பின்னர்க் காற்று மெல்ல மெல்லக் குறைகிறது. விசிறியின் ஓசை மட்டும் கேட்கிறது. ஓய்வுத்தலத்தில் கால் மணி நேரம் நிறுத்தியபோது வண்டியின் அடியில் நீர் வழிந்தோடுகிறது. மறுபடி புறப்பட்டால் எல்லாம் நலம். ஈண்டு காயிலில் பனிக்கட்டி படிந்து காற்றின் வழியை அடைத்துவிட்டது. காயில் உறைநிலையை அணுகும்போது கம்ப்ரெசரை நிறுத்த வேண்டிய சிறு வெப்ப உணரி கெட்டிருக்கலாம், அல்லது காயிலில் தூசி அடைத்திருக்கலாம். கேஸ் சிறிது குறைந்தாலும் இவ்வாறு நேர்வதுண்டு. உணரி மலிவான பொருள். அதன் பெயரறியாமல் கம்ப்ரெசரையே மாற்றுவது நம்மவர் சிலரின் ஊழாக இருக்கிறது!

காலையில் நன்றாகக் குளிர்ந்து, நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் ஓடியபின் திடீரென நின்றுபோவது வேறொரு வகை. கம்ப்ரெசரின் முகப்பில் ஒரு கிளட்ச் தட்டு உண்டு. மின்காந்தம் அதனை இழுத்துப் பற்றும்போதுதான் கம்ப்ரெசர் சுழலும். தட்டுக்கும் சக்கரத்திற்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்து அவ்விடைவெளி அகன்றுவிடும். குளிர்ந்திருக்கும்போது காந்தம் ஒருவாறு இழுத்துவிடும். சூடேறிய காந்தச் சுருளுக்கு அவ்வலிமை இல்லை. தட்டின் அடியில் உள்ள மெல்லிய வளையம் ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

கிளட்ச் சில நொடிகளுக்கு ஒருமுறை 'டக்' என்று பற்றுவதும் விடுவதுமாக இருந்தால், அப்பொழுதுதான் கேஸ் குறைவு என்று ஐயுறுதல் பொருந்தும். அழுத்தம் தாழ்ந்ததைக் கண்ட காப்பு விசை கம்ப்ரெசரை நிறுத்துகிறது. சற்று ஏறியதும் மறுபடி விடுகிறது. குழாய் மூட்டுகளையும் கம்ப்ரெசரின் முன்பக்கத்தையும் நோக்குக. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கருத்திருக்கும் இடமே பெரும்பாலும் ஓட்டை. ஏனெனில் கம்ப்ரெசருக்குரிய எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றுகிறது; கேஸ் கசியுமிடத்தில் எண்ணெயும் கசியும். மீண்டும் மீண்டும் கேஸ் மட்டும் ஏற்றிய கார்களில் கம்ப்ரெசர் இறுகி நிற்பதற்கும் காரணம் இதுவே. எண்ணெய் போய்க்கொண்டே இருந்தது. எவரும் அதனை ஈடு செய்யவில்லை.

தொட்டுப் பார்த்தும் அறியலாம். கம்ப்ரெசருக்குத் திரும்பும் தடித்த குழாய் குளிர்ந்து, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடா போத்தலைப் போல் வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாய் வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரெசரிலிருந்து கண்டென்சருக்குச் செல்லும் குழாயை மட்டும் தொடுதல் கூடாது, கை சுட்டுவிடும். வண்டியின் அடியில் நீர் சொட்டுவதும் நம் நாட்டில் நலத்தின் அறிகுறியே. உள்ளே குளிர் இருந்தும் அடியில் நீர் இல்லை, முன்னிருக்கையின் காலடி விரிப்பு நனைந்திருக்கிறது என்றால், வடிகுழாய் அடைத்துக்கொண்டது என்று அறிக.

அழுத்தமானியின் சான்று

பட்டறையார் நீலமும் சிவப்புமான இரண்டு அழுத்தமானிகளை இணைப்பர். நீலம் தாழ்ந்த அழுத்தத்திற்கும் சிவப்பு உயர்ந்த அழுத்தத்திற்கும் உரியவை. எஞ்சின் ஓடாதபோது இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். 30 பாகை வெப்பத்தில் ஆர்-134ஏ சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 97 பவுண்டு காட்டும். உள்ளே ஐந்நூறு கிராம் இருந்தாலும் இருநூறு கிராம் இருந்தாலும், சிறிதேனும் நீர்மம் எஞ்சியிருக்கும்வரை, அவ்வெண் மாறாது! ஆகையால் நின்றிருக்கும் காரில் மானியைப் பார்த்து, 'கேஸ் நிறைய இருக்கிறது' என்று கூறுவது சான்றாகாது.

ஓடும்போது காட்டுவதே சான்று. நம் நாட்டு வெப்பத்தில் நலமான காரில் நீலம் 30 முதல் 40 பவுண்டு வரையிலும், சிவப்பு 200 முதல் 250 வரையிலும் நிற்பது வழக்கம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் மிக உயர்ந்திருந்தால் கண்டென்சர் வெப்பத்தை இறக்கவில்லை, அல்லது கேஸ் மிகுதி, அல்லது குழாயினுள் காற்று புகுந்துள்ளது. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்து, எஞ்சினை விரைவுபடுத்தியும் இடைவெளி அகலாவிட்டால் கம்ப்ரெசரின் உள்ளுறுப்புகள் தேய்ந்துவிட்டன. அக்கம்ப்ரெசருக்கு மாற்றே வழி. நீலம் மிகத் தாழ்ந்து வெற்றிடத்தை அணுகுமாயின் விரிவு வால்வு அடைத்துக்கொண்டது எனலாம். எனவே, "என்ன எண்கள் காட்டின?" என்று கேட்க நாம் தயங்கலாகாது. நல்ல மெக்கானிக் இக்கேள்வியை விரும்புவார்.

செம்மையாகச் செய்யும் பட்டறையில் வேலை வேறு வகையாக நடக்கும். எஞ்சிய கேஸைப் பொறியால் வாங்கி நிறுத்துப் பார்ப்பர். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நீரால் கசிவைத் தேடுவர், கெட்ட வளையத்தையோ குழாயையோ மாற்றுவர், டிரையரையும் மாற்றுவர். பின்னர் வெற்றிடப் பொறியால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவர். காற்றழுத்தத்தில் 24இல் ஒரு பங்கிற்குக் கீழ் இறங்கினால் 30 பாகையிலேயே நீர் கொதித்து ஆவியாகிவிடுமாதலின், உள்ளே ஒளிந்திருந்த ஈரமும் அதனால் வெளியேறும். அந்த ஈரம் எஞ்சினால் வால்வின் துளையில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். அரை மணி நேரம் வெற்றிடம் குலையாமல் நின்றால்தான், முன்மூடியின் அடியிலுள்ள சீட்டில் கண்ட எடைப்படி கேஸையும் உரிய எண்ணெயையும் ஏற்றுவர். சிறிய கார்களுக்கு அவ்வெடை பெரும்பாலும் 400 முதல் 700 கிராம் வரைதான். ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் வேறுபாடு தெரியும். கண்மதிப்பாக ஏற்றுவது எவ்வாறு பொருந்தும்?

1990களின் நடுப்பகுதிக்கு முற்பட்ட கார்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அவற்றில் இருந்தது ஆர்-12. அதனைப் போன்ற பொருள்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மோலினா, ரோலண்ட் ஆகிய அறிஞர் இருவர் காட்டினர். 1987ஆம் ஆண்டின் மாண்டிரியல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது. அதற்குரிய எண்ணெய் வேறு; ஆர்-134ஏக்கு உரிய எண்ணெய் வேறு. பழைய எண்ணெயை நீக்காமல் புதிய கேஸை ஏற்றினால், எண்ணெய் கேஸோடு கலந்து சுற்றாமல் ஒரு மூலையில் தேங்கிவிடும். ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை; ஆயினும் புவியைச் சூடாக்குவதில் ஒரே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. திங்கள்தோறும் கசியவிட்டு ஏற்றுவது நம் பணப்பையை மட்டும் தொட்டு நிற்பதன்று. மலிவு கருதிச் சிலர் எரியும் இயல்புடைய வேறு கேஸை ஏற்றுவர். அதற்கென அமைக்கப்படாத காரில் அதனை ஒருபோதும் ஒப்பலாகாது. குழாய் மூட்டுகளை வீட்டிலேயே தளர்த்திப் பார்ப்பதும் தீது. பீறிடும் நீர்மம் கண்ணில் பட்டால் கண்ணையே உறைய வைத்துவிடும்.

ஓய்வு பெற்றோரின் கார்களில் மிகுதியாகக் காணப்படும் கசிவு கம்ப்ரெசரின் முன்வளையத்தில் நேர்வது. கார் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது. எண்ணெய் அவ்வளையத்தை எட்டுவதில்லை. அது காய்ந்து வெடிக்கிறது. வெளியூர்ப் பயணம் இல்லாவிடினும், வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட்டிக் குளிர்சாதனத்தைப் பத்து நிமிடம் இயங்க விட்டால் அவ்வளையம் எண்ணெயில் நனைந்திருக்கும். மூடிய கொட்டகைக்குள் இதனைச் செய்யலாகாது. காரை வெளியே நிறுத்திச் செய்க.